அடியில் கிடந்த காசு

கக்கூஸுக்குக் குழி வெட்டப் போய்த் தங்கம் கிடைத்தது என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அஜீஸாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஒரு மாதத்துக்கு அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனதற்குக் காரணம் தங்கம் இல்லை, தங்கத்தோடு சேர்ந்து வந்த ஒரு துண்டு செம்பு.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கடைசி வரிசையில் இருக்கிறது அஜீஸாவின் யூனிட். தகரக் கூரை, ஒரு சூளை, எட்டு ஆட்கள். ஒரு காலத்தில் ஃபியூஸ் கேரியர் செய்தார்கள். இப்போது கொலுவுக்கு யானை, பசு, மயில், அப்புறம் கார்த்திகைக்கு அகல்விளக்கு. புருஷன் நைனா முகம்மது இருபத்திரண்டு வருஷமாக மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், பெட்டி நிறையப் பேரீச்சம்பழமும் வாய் நிறைய யோசனையுமாக. யோசனையைக் கேட்டுக்கொண்டு, யூனிட்டைத் தன் போக்கிலேயே நடத்துவாள் அஜீஸா. பொம்மைக்குப் பளபளப்பும் நிறமும் கொடுக்கிற கிளேஸ் கலக்குவதை மட்டும் யார் கையிலும் விடமாட்டாள். எந்தப் பொடியை எவ்வளவு போட்டால் சூளைக்குள் என்ன நிறம் வரும் என்பது அவளுக்குச் சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி. கோபால்ட் என்றால் நீலம். செம்பு என்றால் பச்சை. இதற்கு அவள் தராசைக்கூடப் பார்ப்பதில்லை.

யூனிட்டில் வேலை செய்கிற பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று பூவாயி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். உடைந்த சாமானைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. வாய் ஓயாமல் பேசுவது அதற்கு மேல் அவள் செய்கிற சேவை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். வெட்டியவர் காத்தவராயன். சூளைக்காரர், அறுபது வயது. தன் சூளைக்குப் பக்கத்தில் வெளியாள் கடப்பாரை போடுவதை அவர் பொறுக்கமாட்டார்.

இடுப்பளவு ஆழம் போனதும் குழிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

“பாயம்மா, சித்த இங்க வாங்க. கடப்பாரை பானையில பட்டுடுச்சு.”

பாதி உடைந்த பானை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வாய்வரை மண் இறுகியிருந்தது. பூவாயி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். “யாரோ செய்வினை வெச்சிப் பொதச்சிருக்காங்க பாயம்மா. தொடாதீங்க.”

“கக்கூஸ் வேணும்னு நீதானே கேட்ட. செய்வினை வந்தா உனக்குத்தான் வரும்,” என்று சொல்லிக்கொண்டே அஜீஸா பானையைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தாள். மண் கரைந்தது. தொட்டியின் அடியில் மஞ்சளாக மினுங்கின, ஒன்பது காசுகள்.

மூன்று பேரும் தொட்டிக்குள் குனிந்தார்கள். செய்வினையை மறந்து பூவாயியும் கிட்டே வந்துவிட்டாள். எல்லாக் காசிலும் ஒரே ஆள். நீண்ட மூக்கு, ஒட்டவெட்டிய முடி, தலையைச் சுற்றி இலை மாலை. சுற்றிலும் இங்கிலீஷ் போன்ற எழுத்து. ஒரு காசில் மட்டும் விளிம்பிலிருந்து கன்னம்வரை ஓர் ஆழமான வெட்டு இருந்தது, அந்த ஆளை யாரோ அரிவாளால் வெட்டியது போல.

“வெள்ளைக்காரன் காசு,” என்றார் காத்தவராயன்.

“யாரு காசா இருந்தா இன்னா, நம்ம காசு இல்ல,” என்றாள் அஜீஸா.

காசுகளைத் துடைத்து எடுத்து, பிரிந்துபோன பானைத் துண்டுகளைக் குழியோரம் போட்டபின் அடிச்சில்லு மட்டும் கையில் மிஞ்சியது. உள்ளங்கை அகலம். நடுவில் பச்சையாக ஒரு வட்டம். அஜீஸா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“இந்தப் பக்கம்தானே பத்து வருஷமா கிளேஸ் கழுவின தண்ணிய ஊத்திக்கினு இருக்கோம். ஊறி எறங்கியிருக்கு பாரு. இதை உடைசல்ல போடு பூவாயி.”

வேறு ஊராக இருந்தால் பானை அடியில் பச்சையைப் பார்த்துப் பாசி என்பார்கள், களிம்பு என்பார்கள். எடுத்து வைத்துக்கூட இருப்பார்கள். செராமிக் டவுனில் பச்சை என்றால் கிளேஸ், உடைந்தது என்றால் உடைசல் மேடு. தொழில் கொடுக்கிற கண் இருக்கிறதே, அது தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் பார்க்கும். பூவாயி சில்லை வீசிய வீச்சில் அது மேட்டின் உச்சியில் போய் விழுந்து உருண்டது.

அன்று சாயங்காலமே கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்கள். அப்புறம்தான் மஸ்கட்டுக்குப் பேசினாள்.

“நம்மளது இல்லன்னா அது யாரோ வெச்ச அமானிதம், அஜீஸா. கவர்மெண்டுல சொல்லிடு,” என்றார் நைனா முகம்மது.

“சொல்லிட்டுத்தான் மச்சான் உங்களுக்குப் போடுறேன்.”

அமானிதம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. அந்தத் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பெண்கள் தாய்வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது நகையை முடிந்து அஜீஸாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதுதான் அமானிதம். சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. கர்சீப்பில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். அதே முடிச்சோடு திருப்பி வாங்குவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அஜீஸா கேட்டதில்லை, அவிழ்த்ததும் இல்லை. சிலர் திரும்பி வந்த பிறகும் வாங்கிக்கொள்ளாமல் விட்டுவைப்பார்கள், தங்கள் பீரோவைவிட அவள் பீரோ பத்திரம் என்று. அந்த மாதம் அவள் பீரோவில் பதினொரு முடிச்சுகள் இருந்தன. அஜீஸாவுக்கு நிலம் இல்லை, பெரிய வீடு இல்லை. ஆனால் அந்தப் பதினொரு முடிச்சு இருந்தது. ராத்திரி பீரோவைப் பூட்டும்போது அவளுக்கு ஒரு மிதப்பு வரும். அது கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு அவள் லாயக்கானவள்தான்.

ஒன்பது காசும் இரண்டு ராத்திரி அதே பீரோவில், அந்த முடிச்சுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. வினை அங்கேதான் பிடித்தது.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். கூடவே நகை மதிப்பீட்டாளர் ஒருவர், உரைகல்லோடு. யூனிட் வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். காசு ஒவ்வொன்றையும் அவர் கல்லில் உரைத்து, நிறுத்து, தலையை ஆட்டினார். “நல்ல தங்கம். ஒவ்வொண்ணும் பவுனுக்குக் கொஞ்சம் கொறைச்ச எடை.” எட்டுக் காசு ஆனது. ஒன்பதாவது, அந்த வெட்டுப்பட்ட காசு. உரைத்தார். மறுபடி உரைத்தார். வெட்டுக்குள் ஊசியை விட்டுக் கிளறினார்.

“இது செம்பு. மேல தங்கத் தகடு. கவரிங்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எட்டுத் தங்கக் காசு, தங்கம் பூசிய செம்புக் காசு ஒன்று. அஜீஸாவுக்கு நன்றி சொல்லி, குழியோரம் கிடந்த பானைத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தில் எந்தக் கல்மிஷமும் இல்லை. கல்மிஷமெல்லாம் வாசலில் நின்ற ஐம்பது பேரிடம் இருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? காசு தாலுகா ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் கதை பாலக்கரை தாண்டிவிட்டது. ஒன்பதும் தங்கம்தானாம், ரெண்டு ராத்திரி பாயம்மா பீரோவுல இருந்துச்சாம், காலையில பாத்தா ஒண்ணு கவரிங்காம்.

நேருக்கு நேர் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வாய்க்கு வந்தபடி நாலு கொடுத்தும் இருப்பாள். முதலில் வந்தவள் அஸ்பியா.

அடுத்த வீட்டுப் பெண், முப்பது வயது. புருஷன் இஜாஸ் துபாயில். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் தரையில் படுத்துக் கிடந்தவள் அஜீஸா.

“மாமி, நாத்தனா வூட்டு விசேஷம் வருது. அந்த வளையல எடுத்துக்கலாம்னு பாத்தேன்.”

அஜீஸா ஊதா நிற கர்சீப் முடிச்சை எடுத்துக் கொடுத்தாள். எப்போதும் அப்படியே மடியில் செருகிக்கொண்டு போகிற அஸ்பியா, அன்று அங்கேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வளையலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, உள்பக்கம் இருக்கிற முத்திரையைப் பார்த்தாள். அப்புறம் அடுத்தது. நாலு வளையலையும் பார்த்தாள்.

“சும்மா பாத்தேன் மாமி. எதுன்னு மறந்துபோச்சு.”

“பாத்துக்கோ,” என்றாள் அஜீஸா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அஸ்பியா போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திருட்டுப்பட்டம் கட்டி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஒன்பது நாளில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு அடமானம், ஒருத்திக்கு மாமியார் கேட்டாளாம். ஊரில் அந்த வாரம் நடந்த விசேஷங்களைக் கணக்கெடுத்தால் மண்டபம் போதாது. எல்லாரும் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

“ஆண்டவனுக்குத் தெரியும், அஜீஸா. நீ கலங்காதே,” என்றார் நைனா முகம்மது போனில்.

“ஆண்டவனுக்குத் தெரியும் மச்சான். அஸ்பியாவுக்குத் தெரியலையே.”

பீரோவில் ஒரே ஒரு முடிச்சு மிச்சம். மஞ்சள் துணி. பூவாயியுடையது. கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனபிறகு டவுனில் வாடகைக்கு வந்தவள் அவள். அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. ஒரு ஜோடிக் கம்மலாகத்தான் இருக்கும். பாவம், வேலை போய்விடுமோ என்று கேட்கப் பயப்படுகிறாள் என்று அஜீஸா நினைத்துக்கொண்டாள். ஒரு தரம் அவளே எடுத்து நீட்டவும் செய்தாள். “அப்புறம் வாங்கிக்கிறேன், இப்ப கையெல்லாம் மண்ணு,” என்று சொல்லிவிட்டு பூவாயி உடைசலைப் பிரிக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலையில் சூளை பிரித்தார்கள். வெள்ளை யானைகள் வரிசையாக வெளியே வந்தன. அதில் ஒரு யானையின் முதுகில் பச்சையாக ஒரு கோடு. காத்தவராயன் கையில் எடுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஒயர்மேன் வந்து மேல லைட்டு மாத்துனான் பாருங்க. கம்பித் துண்டு விழுந்திருக்கு. செம்பு எங்க ஒட்டுச்சோ அங்க பச்சை. நல்ல யானை போச்சு.”

அஜீஸா யானையை வாங்கிப் பார்த்தாள். கம்பி கிடந்த இடம் அப்படியே அச்சாக விழுந்திருந்தது, நீளம், வளைவு எல்லாம். செம்பு எங்கே ஒட்டியதோ அங்கே பச்சை. இருபது வருஷமாகத் தானே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அவள் கையிலிருந்த யானை கீழே விழுந்து உடைந்தது.

“அண்ணே! அந்தப் பானை அடியில பச்சையா ஒரு வட்டம் இருந்துச்சே! அது கிளேஸு இல்ல. தங்கம் பச்சை அடிக்காது. அந்தச் செம்புக் காசு அங்கேயே கெடந்திருக்கு. ரொம்ப வருஷமா கெடந்திருக்கு. நான் மாத்தி வெச்சதா இருந்தா ரெண்டு ராத்திரியில அப்படி ஊறுமா?”

காத்தவராயனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவர் பார்த்தது உடைசல் மேட்டை. அவளும் திரும்பினாள். மேட்டோரத்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. பள்ளத்தில் கொட்டி நிரவ மாதம் ஒரு தரம் அள்ளிக்கொண்டு போகிற லாரி. இரண்டு பேர் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அஜீஸா அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. முக்காடு நழுவ, செருப்பு ஒரு பக்கம் கிடக்க, லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். “ஒரு கூடைகூட வெளிய போவக்கூடாது. ஏத்தினதையும் எறக்குங்க.”

டிரைவர் இவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்தார். காசுக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்ததால் பாவம் என்று இறக்கவும் சொன்னார்.

சூளை வேலை நின்றது. எட்டுப் பேரும் மேட்டில் ஏறினார்கள். மூன்று வார உடைசல் அதற்கு மேல் விழுந்திருந்தது. காதில்லாத பசு, தும்பிக்கை இல்லாத யானை, பாதி மயில், ஆயிரக்கணக்கில் அகல். அத்தனை வெள்ளைக்கு நடுவில் கறுப்பும் சிவப்புமான சில்லு பளிச்சென்று தெரியும் என்றுதான் நினைத்தார்கள். தெரியவில்லை. உடைசல் தூசு எதையும் வெள்ளையாக்கிவிடும். ஒவ்வொரு துண்டையும் எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சீக்கிரமே எல்லார் விரலிலும் கீறல். மத்தியானச் சோற்றுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

சூரியன் ஷெட்டுக்கு மேற்கே சாய்ந்தபோது பூவாயி, “இதா பாருங்க,” என்றாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. முந்தானையால் துடைத்த சில்லு அவள் உள்ளங்கையில் இருந்தது. நடுவில் பச்சை வட்டம். இப்போது கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. வட்டத்தின் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு கோடு, மற்ற இடத்தைவிட அழுத்தமான பச்சையாக.

பூவாயியின் உள்ளங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அஜீஸா தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போது கேட்டாள், மனதில் இருந்ததை அடக்க முடியாமல்.

“எல்லாரும் வந்து வாங்கிக்கினு போனாங்களே பூவாயி. நீ ஏன் வாங்கல? வேலைக்குப் பயந்தா?”

“எதை?”

“உன் கம்மலை.”

“ஓ, அதுவா!” பூவாயிக்கு நிஜமாகவே அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. “குடுத்துட்டு மறக்கத்தானே பாயம்மா உங்களாண்ட குடுத்தேன். நெனச்சிக்கினே இருக்கணும்னா என் வூட்டுலயே வெச்சிருப்பேனே.”

அஜீஸா கட்டை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

தாலுகா ஆபீஸில் அடுத்த திங்கட்கிழமை தமிழ்மணி இருந்தாள். தொல்லியல் துறையிலிருந்து காசுகளை ஆராய வந்த பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். அஜீஸா பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்துச் சில்லைக் கொண்டுபோயிருந்தாள். காத்தவராயனும் பூவாயியும் கூட வந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறாமைப்படாமல் சொன்னால், அந்தப் பெண்ணுக்குப் படிப்பும் இருந்தது, கேட்கிற காதும் இருந்தது. அஜீஸா யானைக் கதையிலிருந்து ஆரம்பித்ததை முழுதாகக் கேட்டாள். அப்புறம் அதிகாரி முன்னிலையில் உறையைப் பிரித்து, வெட்டுப்பட்ட காசை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, சில்லின் மேல் மெல்ல வைத்தாள். காசு வட்டத்தில் மோதிரத்துக்குள் விரல் போல உட்கார்ந்தது. கொஞ்சம் திருப்பினாள். வெட்டு, அந்த அழுத்தமான கோட்டின் மேல் வந்து நின்றது.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“இப்படி ஊறணும்னா ரெண்டு ராத்திரி இல்லம்மா, ரெண்டாயிரம் வருஷம் வேணும்,” என்றாள் தமிழ்மணி. “இது உங்க பானைக்குள்ளயே, அடியில கிடந்த காசு. இந்தச் சில்லை விட்டிருந்தா நானும் குழம்பித்தான் போயிருப்பேன்.”

காத்தவராயன் சத்தமாகச் செருமினார். பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கிட்டீங்களா என்ற பார்வை.

அஜீஸாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அவளுக்கு வேறொன்று தோன்றியது. “யாரும்மா இந்த ஆளு? இவன் மூஞ்சியப் பாத்துத்தான் என் மூஞ்சி போச்சு.”

தமிழ்மணி சிரித்துவிட்டாள். “திபேரியஸ். ரோமாபுரிச் சக்கரவர்த்தி. பாதி உலகம் இவன் கையில இருந்துச்சு. நம்ம மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் அங்கேருந்து கப்பல் கப்பலா இந்தக் காசு வந்துச்சு. ரோமாபுரிப் பொம்பளைங்க நகைக்கு ஆசைப்பட்டுத் தங்கமெல்லாம் அந்நியனுக்குப் போவுதேன்னு இவனே புலம்பியிருக்கான். இவனுக்கப்புறம் நீரோன்னு ஒருத்தன் வந்தான். காசுல தங்கத்தோட எடையைக் குறைச்சிட்டான்.”

“நம்மாளு கண்டுபிடிச்சிருப்பானே?”

“கண்டுபிடிச்சான். பழைய காசு இருந்தா குடு, இல்லன்னா வேணாம்னுட்டான் போல. நம்ம பக்கம் கிடைக்கிறதுல பழைய காசுதான் அதிகம். காசுமேல சந்தேகம் வந்தா உளியை வெச்சு ஒரே போடு. நெறையக் காசுல இப்படி வெட்டு இருக்கு. சக்கரவர்த்தி மூஞ்சியாச்சேன்னு பாக்கல.”

“பாதி உலகத்தை ஆண்டவன் தன் முகத்தையே போட்டு அனுப்பியும் நம்மாளு நம்பல பாருங்க,” என்றாள் அஜீஸா. சொன்னதும் அவளுக்கு அந்த நீண்ட மூக்குக்காரன் மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது. அவனுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. செராமிக் எஸ்டேட் அஜீஸா எந்த மூலைக்கு?

“இந்தப் போலியை அங்கேயே அடிச்சாங்களா, இங்க யாராச்சும் அடிச்சாங்களா, அது இன்னும் தெரியல,” என்று தமிழ்மணி காசைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணு மட்டும் எனக்கு ஆச்சரியமா இருக்கு. வெட்டிப் பாத்தவனுக்குச் செம்புன்னு தெரிஞ்சிருக்கு. இன்னொருத்தன் தலையில கட்டியிருக்கலாம். வெளிய வீசியும் இருக்கலாம். ரெண்டையும் செய்யல. அதே பானையில, அடியில போட்டு, மேல நல்ல காசைப் போட்டு வெச்சிருக்கான்.”

அஜீஸா அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்ட சேதி பஸ்ஸில் போனால் நல்ல சேதி நடந்துதான் வரும். தெருவுக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் அஸ்பியா வாசலில் நின்றாள். கையில் ஊதா கர்சீப்.

“மாமி, விசேஷம் முடிஞ்சுது. நாளைக்கு உம்மா வூட்டுக்குப் போறேன். இதை...”

அஜீஸா பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மாதமாக எத்தனையோ தரம் இந்த நிமிஷத்தைக் கற்பனை செய்திருக்கிறாள். கதவை முகத்தில் சாத்துவது ஒரு கற்பனை. நாலு வளையலையும் தெருவில் வைத்து முத்திரை பார்க்கச் சொல்வது இன்னொன்று. இரண்டுமே இனித்தன, அன்றுவரை.

அஸ்பியாவின் கண் கலங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்து அவசரமாக முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். “நாலு வளையல் மாமி, நீங்களே பாத்துக்குங்க, எல்லாம் சரியா...”

அஜீஸா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“அவுக்காத. நான் எப்பவாச்சும் பாத்திருக்கேனா?”

அதற்குமேல் அஸ்பியா தாங்கவில்லை. மாமி, மாமி என்று அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அஜீஸா அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை, எழுப்பவும் இல்லை. வலி இருந்தது. போகவில்லை. அது போகும் என்று அவள் தனக்கே பொய் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவளை அனுப்பிவிட்டு உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். தட்டில் பூவாயியின் மஞ்சள் முடிச்சு தனியாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, அடியில் ஊதா முடிச்சை வைத்தாள். அதன்மேல் மஞ்சள் முடிச்சைத் திரும்ப வைத்துப் பூட்டினாள்.